தன் நிறையைத் தானே கூறும் நாணயம்

வியட்நாமுக்குச் சென்று திரும்பிய நண்பர் ஒருவர், அங்கே தெருக் கடையொன்றில் வாங்கிய வெள்ளிக்காசை எம்மிடம் காட்டினார். ஒருபுறத்தில் கதிர்முடி தரித்த பெண்ணுருவம் வீற்றிருந்தது. அதன் கீழே 1886 என்னும் ஆண்டு. மறுபுறத்தில் 'பிரெஞ்சு இந்து சீனம்', 'வணிகப் பியாஸ்தர்' எனப் பொருள்படும் பிரெஞ்சு எழுத்துக்கள். மாற்று ஆயிரத்துக்கு 900 என்றும், நிறை 27 கிராம் என்றும் அங்கே பொறிக்கப்பட்டிருந்தன. கையில் இலேசாகத் தோன்றவே ஊர்த் தட்டாரிடம் கொண்டுசென்றோம். தராசு 21 கிராமையே காட்டிற்று.

நாணயமொன்று தன் நிறையைத் தன்மீதே எழுதிக்கொள்வானேன்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழைக் கடற்றுறைகளிலே அரசனின் தலையை எவரும் நம்பவில்லை, வெள்ளியையே நம்பினர். சீன வணிகர் காசை நிறுத்துப் பார்த்துத் தம் சிற்றுளி முத்திரையை அதன்மீது குத்தினர். அங்கே கோலோச்சியது மெக்சிக்கோ நாட்டு வெள்ளி. அதனோடு போட்டியிடவே பிரெஞ்சு அரசு 1885-இல் 27.215 கிராம் நிறையுடைய பியாஸ்தரை வெளியிட்டது. அமெரிக்கா 1873-இல் இதே சீன வணிகத்துக்கென வார்த்த டொலரின் நிறையும் அதுவே.

இங்கேதான் வேடிக்கை. மெக்சிக்கோ நாணயத்தில் தூய வெள்ளி ஏறத்தாழ 24.44 கிராம், பியாஸ்தரில் 24.49. வேற்றுமை அரைக் குன்றிமணியளவும் ஆகாது. ஆயினும் ஆயிரம் காசுக்கு 50 கிராமுக்கு மேல் வெள்ளி மிஞ்சுமாயின் வணிகன் சும்மா இருப்பானா? பியாஸ்தர்கள் பதுக்கப்பட்டன, உருக்கப்பட்டன, நாடு கடந்தன. குறைந்த மெக்சிக்கோ வெள்ளியே சந்தையில் நின்றது. ஈராண்டு மூவாண்டன்று, பத்தாண்டு பொறுத்த பின்னரே 1895-இல் அரசு நிறையை 27 கிராமாகக் குறைத்தது. காசின் எழுத்தையும் அவ்வாறே திருத்திற்று. ஆதலின் அவ்வொரே ஆண்டைத் தாங்கி இருவகைக் காசுகள் உள்ளன. சேகரிப்போர் இரண்டையும் ஒருங்கே பெற விரும்புவதன் காரணம் இதுவே.

தமிழர்க்கும் இக்காசு புதியதன்று. புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பலர் பிரெஞ்சு அரசுப் பணிக்காகச் சைகோன் சென்றனர். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அங்கே வட்டிக்கடை நடத்தினர். இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அந்நகரில் மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது. அவர்களின் கணக்கேடுகளில் ஓடிய பணம் பியாஸ்தரே.

பெரும்பாலான காசுகள் பாரிஸ் அக்கசாலையின் 'A' குறி உடையன. 1921, 1922 ஆகிய ஆண்டுகளில் மட்டும் சான்பிரான்சிஸ்கோவும் பேர்மிங்காமும் வார்த்துதவின. பின்னதற்கு 'H' குறி, முன்னதற்குக் குறியே இல்லை. 1928-உடன் பழைய உருவம் முடிந்தது. 1930-இல் பணம் பொன்னோடு பிணைக்கப்பட்டது; 1931-இல் வந்த வெள்ளிப் பியாஸ்தர் 20 கிராமே. வெள்ளியின் பெருமை போய்விட்டது என்க. ஆனால் லாவோஸ், வியட்நாம் மலைகளில் வாழும் மொங் இனத்தார் பழைய காசைக் கைவிடவில்லை. மணப்பெண்ணுக்குரிய பரிசமாக அதையே எண்ணிக் கொடுத்தனர். மகளிர் உடையில் தைத்தனர். உருக்கிக் கழுத்தணியும் செய்தனர்.

இன்று போலிகள் மலிந்துள்ளன. நல்ல காசு 39 மில்லிமீற்றர் அகலமுடையது; நீரில் அமிழ்த்தினால் 2.6 கன சென்ரிமீற்றர் அளவு நீரையே விலக்கும். விளிம்பிலே நெடுங்கோடுகள் சீராயிருத்தல் வேண்டும். வார்ப்புப் போலியில் நடுவே தையல்போல் ஒரு வடு ஓடக்கூடும். நெடுநாட் புழங்கிய காசு நிறையிற் சிறிது குறையலாம். ஆறு கிராம் குறையாது. இன்னொன்று: நம் வீடுகளில் குத்துவிளக்குக்குப் புளியிட்டுத் துலக்குவதுபோல் காசைத் துலக்கிவிடாதீர்கள். நூறாண்டுக் கருமை ஒருமுறை போயின் மீளாது. விலையும் அதனோடு போகும்.

நண்பரின் காசை மீண்டும் எடுத்து நோக்கினோம். ஆண்டு 1886, நிறை 27 கிராம். அந்த எழுத்துப் பிறக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன! தராசே வேண்டியிருக்கவில்லை; வாசித்திருந்தாற் போதும். இதைச் சொன்னபோது தட்டார் சிரித்தார். நிறுத்ததற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.