பனித்தரையில் ஒரு தற்காப்பு அரண்

ஹாக்கி என்றதும் நம்மவர்களுக்குத் திடல்தான் நினைவுக்கு வரும். பனித்தரையில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கி வேறு வகை. குழுவுக்கு ஆறு பேர். அவர்களில் ஒருவர் கோல் காவலர், இருவர் தற்காப்பு ஆட்டக்காரர்கள். பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வட்டு. ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும்.

தற்காப்பு ஆட்டக்காரர் எதிரியைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒலிம்பிக் போன்ற அனைத்துலகப் பெண்கள் ஆட்டங்களில் உடலால் மோதி எதிரியை வீழ்த்த விதி இடம் தருவதில்லை. எனவே உடல் பலத்தைவிட, நிற்கும் இடமும் மட்டையின் கோணமுமே கைகொடுக்கும். கோல் அடிப்பவரின் பெயர் செய்தியில் வரும். கோலைத் தடுத்தவரைப் பலர் கவனிப்பதில்லை.

அப்படியொரு இடத்தில் ஆடிப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் ஏஞ்சலா ருஜீரோ. 1980-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். தம்பியைக் குழுவில் சேர்க்கப் போன தந்தை, அங்கே ஆள் குறைவாக இருந்ததால் மகளையும் சேர்த்துவிட்டார். அப்போது அவருக்கு வயது ஏழு.

1998-ல் ஜப்பானின் நகானோ நகரில்தான் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இறுதியாட்டத்தில் அமெரிக்கா 3-1 எனக் கனடாவை வென்றது. குழுவிலேயே இளையவரான ருஜீரோவுக்கு அப்போது 18 வயது.

பதினெட்டில் கிடைத்த அந்தத் தங்கம் மறுபடி கிடைக்கவே இல்லை. 2002-ல் வெள்ளி, 2006-ல் வெண்கலம், 2010-ல் மீண்டும் வெள்ளி. இடையில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 2004-ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தின் உயரிய விருதான பாட்டி காஸ்மையர் விருதும் அவரைத் தேடி வந்தது. நான்கு முறை உலகச் சாம்பியன் பட்டம் வென்ற குழுக்களில் அவரும் ஒருவர்.

இவ்வளவு இருந்தும், ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள அன்று பெண்களுக்கு வழியில்லை. 2005 ஜனவரியில் துல்சா ஆயிலர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறைக் குழுவில் அவர் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அதே குழுவின் கோல் காவலர் அவருடைய தம்பி பில். கோல் காவலர் அல்லாத ஒரு பெண், வட அமெரிக்காவில் ஆண்களின் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கியது அதுவே முதல் தடவை.

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வேறொரு சோதனை வந்தது. கனடா 18-0 என ஸ்லோவாக்கியாவை வீழ்த்தியது. மற்ற நாடுகளின் தரம் உயராவிட்டால் இந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் நீடிக்க முடியாது என அனைத்துலக ஒலிம்பிக் மன்றத் தலைவர் ஜாக் ரோக் எச்சரித்தார். அதே போட்டியின்போது, விளையாட்டாளர்களின் வாக்குகளால் ருஜீரோ அம்மன்றத்தின் விளையாட்டாளர் ஆணையத்துக்குத் தேர்வு பெற்றார். முடிவெடுக்கும் மேசையில் பெண்கள் ஐஸ் ஹாக்கியை அறிந்த ஒருவருக்கு இடம் கிடைத்தது. 2016 முதல் 2018 வரை அவரே அதன் தலைவர்.

2011-ல் ஓய்வு பெற்றபோது அமெரிக்காவுக்காக 256 ஆட்டங்கள் ஆடியிருந்தார். 2015-ல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட நான்காவது பெண் ஆனார். அமெரிக்கப் பெண்கள் அடுத்த ஒலிம்பிக் தங்கத்தை வென்றது 2018-ல், நகானோவுக்கு இருபது ஆண்டுகள் கழித்து. 2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் ஆறு குழுக்களுடன் பெண்களுக்கான புதிய தொழில்முறை லீக் தொடங்கியது.

அந்த லீக்கில் ஆடும் வாய்ப்பு ருஜீரோவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பெண்ணாலும் முடியும் என்பதை அவரது தலைமுறை முன்பே காட்டிவிட்டது. மகனைத் திடலுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், மகளையும் உடன் அழைத்துப் போகலாமே. ஆள் குறைவாக இருக்கும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை.