மதுரை வெயிலும் ரேமின் வோல்டேஜும்

மின்னழுத்தம் என்றதும் மதுரையில் கணினி வைத்திருப்போர் மனத்தில் எழுவது சுவர் ப்ளக்கில் இருக்கும் 230 வோல்ட்தான். கோடையில் அது ஏறி இறங்குவதைக் கண்டு ஸ்டெபிலைசரும் யூபிஎஸ்ஸும் வாங்கி வைப்பவர்கள், கணினிக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் அதனால் பாதுகாப்புக் கிடைத்துவிட்டதாக எண்ணுகின்றனர். ஆனால் ரேம் எனப்படும் நினைவகத்துக்குப் போகும் மின்னழுத்தம் அதில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்குதான். சுவரிலிருந்து வருவதை எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி 12 வோல்ட் போன்ற தாழ்ந்த நேர்மின்னோட்டங்களாக மாற்ற, மதர்போர்டில் உள்ள சீராக்கிச் சுற்று அதை இன்னும் இறக்கி ரேமுக்கு ஊட்டுகிறது. இந்தக் கடைசி அளவை ஸ்டெபிலைசர் தொடுவதில்லை. கணினியின் பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புத் திரையில் ‘டிராம் வோல்டேஜ்’ என்று இருக்கும் ஒற்றை வரியே அதைத் தீர்மானிக்கிறது.

அந்த வரியில் என்ன எண் இருக்க வேண்டும் என்பதற்கு ஜெடெக் என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு தலைமுறைதோறும் விடை வகுத்திருக்கிறது. டிடிஆர்2 நினைவகத்துக்கு 1.8 வோல்ட், டிடிஆர்3க்கு 1.5, டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1 என அது படிப்படியாக இறங்கி வந்துள்ளது. சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சிறுக்கச் சிறுக்க அவற்றின் மின்காப்புப் படலமும் மெலிவதால், பழைய தலைமுறை எளிதாகத் தாங்கிய அழுத்தத்தைப் புதியது தாங்குவதில்லை. டிடிஆர்3 காலத்தில் 1.65 வோல்ட் ஓட்டிப் பழகிய ஒருவர் அதே துணிச்சலை டிடிஆர்4இல் காட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஓவர்கிளாக்கிங் என்பது தரம் வகுத்த வேகத்தைத் தாண்டி ஒரு சில்லை ஓட்டுவது. வேகம் கூடும்போது ஒவ்வொரு சமிக்ஞைக்கும் கிடைக்கும் நேரம் குறைவதால், அந்தக் குறுகிய நேரத்துக்குள் 0இலிருந்து 1க்குத் தெளிவாக ஏற மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கிறது. இந்த உயர்வைப் பயனரே தேடித் தடவ வேண்டாம் என்று இன்டெல் நிறுவனம் டிடிஆர்3 காலத்தில், 2007இல், எக்ஸ்எம்பி என்ற ஏற்பாட்டையும், ஏஎம்டி நிறுவனம் 2022இல் டிடிஆர்5க்கு எக்ஸ்போ என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தன. ரேம் தயாரிப்பாளர் சோதித்த வேகமும் மின்னழுத்தமும் ரேமிலேயே ஒரு சிறு சில்லில் பதியப்பட்டிருக்க, பயாஸில் ஒரே ஒரு தேர்வைச் செய்ததும் அவை நடைமுறைக்கு வருகின்றன. டிடிஆர்4-3200 என்று எழுதிய ரேமின் ஒட்டுச்சீட்டில் 1.35 வோல்ட் என்று பெரும்பாலும் அச்சாகியிருப்பது இந்த அளவுதான். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி பல வீடுகளில் எக்ஸ்எம்பி இயக்கப்படாமலேயே, அதாவது கொடுத்த விலைக்குரிய வேகத்தை எட்டாமலேயே, வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதும் உண்மை.

1.2க்கும் 1.35க்கும் உள்ள இடைவெளி சிறியதாகத் தோன்றினாலும், சில்லு உண்ணும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் மாறாவிட்டாலும் வெப்பம் ஏறத்தாழ 27 விழுக்காடு உயர்கிறது, 1.5 வோல்ட் கொடுத்தால் உயர்வு 56 விழுக்காடு. டிடிஆர்4 தரம் ‘அறுதி உச்சம்’ என்று குறிப்பது அந்த 1.5 வோல்ட்டைத்தான். அறுதி உச்சம் என்பது அதுவரை பாதுகாப்பாக ஓடும் என்ற உறுதிமொழி அன்று. அதைத் தாண்டினால் சில்லுக்கு நிலையான சேதம் நேரலாம் என்ற எச்சரிக்கை. சந்தையில் 1.5 வோல்ட் எக்ஸ்எம்பி கொண்ட உயர்விலை ரேம்கள் விற்கப்படுவது மெய்யே. அவை பொறுக்கி எடுக்கப்பட்ட சில்லுகள் என்பதும், அவற்றைப் போலவே மற்ற ரேம்களும் தாங்கும் என்று கொள்வது பிழை என்பதும் வாங்குவோர் அறிய வேண்டியவை.

வெப்பம் இங்கே இரண்டு வகையில் வேலை செய்கிறது. ஒன்று, மின்காப்புப் படலத்தின் தேய்மானத்தை விரைவுபடுத்துவது. இது ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. மற்றொன்று அன்றாடம் நிகழ்வது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டெனார்டுக்கு 1968இல் காப்புரிமை கிடைத்த வடிவமைப்பின்படி, ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு நுண்ணிய மின்தேக்கியும் சேர்ந்தது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த மின்னூட்டம் தானாகவே கசிந்து போவதால், டிடிஆர்4இல் 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு வரிசையும் ஒருமுறை படிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகிறது. வெப்பம் ஏறினால் கசிவும் விரைவுபடுகிறது. சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் இந்தப் புதுப்பித்தலை இரட்டிப்பாக்க வேண்டும் என்று தரமே விதிக்கிறது. ஓவர்கிளாக்கிங் செய்பவர்கள் வேகத்துக்காகப் புதுப்பித்தலின் இடைவெளியை நீட்டியும் மற்றக் கால அளவுகளை இறுக்கியும் வைப்பதால், அவர்களுடைய ரேம் 85 டிகிரிக்கு வெகு முன்பே, சில சில்லுகளில் 50 டிகிரியை ஒட்டியே, பிழை செய்யத் தொடங்கிவிடுகிறது.

பாதுகாப்பான மின்னழுத்தம் என்று வெளியூர்க் கணிப்பொறி ஆர்வலர்கள் சொல்லும் எண்கள் மதுரைக்கு அப்படியே பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை அடுத்த இலந்தைக்குளத்தில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. இத்தகைய வளாகங்களில் கணினி குளிரூட்டிய அறையில் ஓடும். ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள கே.கே.நகர், அண்ணாநகர், உத்தங்குடிப் பகுதிகளின் மாடி அறைகளில், வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டும் அக்கினி நட்சத்திர நாட்களில், மொட்டைமாடி உறிஞ்சிய சூடு இரவிலும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். 22 டிகிரி அறையில் 42 டிகிரியில் ஓடும் ஒரு ரேம், மற்ற எதுவும் மாறாமல் 38 டிகிரி அறைக்கு வந்தால் 58 டிகிரியில் ஓடும். இந்த 16 டிகிரியை ஈடுகட்ட மின்னழுத்தத்தைக் கூட்டினால் வெப்பமும் கூடி நிலைமை மோசமாகுமே தவிர, தீராது.

ரேம் மட்டுமே ஆபத்தில் இருப்பதாகக் கருதுவதும் சரியன்று. ரேமோடு பேசும் நினைவகக் கட்டுப்படுத்தி இப்போது செயலிக்குள்ளேயே இருப்பதால், ரேமுக்குக் கொடுக்கும் மிகை மின்னழுத்தம் அதைவிட விலை கூடிய செயலியைக் கெடுக்கக்கூடும். 2008இல் இன்டெல் தன் முதல் கோர் ஐ7 செயலிகளை வெளியிட்டபோது 1.65 வோல்ட்டைத் தாண்டும் ரேம் செயலியைச் சேதப்படுத்தலாம் என்ற எச்சரிக்கை சில மதர்போர்டுகளின் ரேம் செருகிகள் மீதே ஒட்டப்பட்டு வந்தது. 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில, குறிப்பாக எக்ஸ்3டி வகை, கருகிப்போன செய்தி உலகெங்கும் பரவியது. எக்ஸ்போ இயக்கப்பட்டதும் மதர்போர்டு, பயனர் கேளாமலேயே, நினைவகக் கட்டுப்படுத்திக்கு ஊட்டும் எஸ்ஓசி மின்னழுத்தத்தையும் உயர்த்தியது அதற்கு முக்கியக் காரணமாகக் காணப்பட்டு, புதிய பயாஸ்கள் வழியாக 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வாங்கிய, இந்தச் செயலிகளுக்கான ஏஎம்5 மதர்போர்டின் பயாஸை இன்றுவரை புதுப்பிக்காதவர்கள் வேறெதையும் செய்யும் முன் அதைச் செய்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டால், குளிரூட்டப்படாத மதுரை அறைக்கு எண்கள் இப்படி அமையும். டிடிஆர்4க்கு 1.35 வோல்ட் அன்றாட ஓட்டத்துக்குக் கவலையற்றது. ரேமின் மேல் காற்று நேரடியாகப் படும்படி மின்விசிறி இருந்தால் 1.4 வரை போகலாம். அதற்கு மேல் போவது, 1.45 வரை போகலாம் என்று வழக்கமாகச் சொல்லப்பட்டாலும், இந்த ஊர்க் கோடைக்கு ஏற்றதன்று. டிடிஆர்5இல் மின்சீராக்கி மதர்போர்டை விட்டு ரேமுக்கே இடம் பெயர்ந்திருப்பதால் அதன் வெப்பமும் ரேமின் தலையிலேயே விழுகிறது. மின்னழுத்த வரம்பு பூட்டப்பட்ட வகைச் சீராக்கிகள் 1.435 வோல்ட்டோடு நின்றுவிடும் என்றாலும், 1.35ஐ அன்றாட எல்லையாகக் கொள்வது நல்லது. டிடிஆர்5 ரேம்களில் வெப்பமானி உள்ளேயே இருப்பதால், அது காட்டும் அளவு பிற்பகலில் 55 டிகிரியைத் தாண்டினால் வேகத்தை ஒரு படி இறக்குவதே முறை. டிடிஆர்4இல் 3600இலிருந்து 3200க்கு இறங்குவதால் ஏற்படும் வேறுபாட்டை ஆல்பம் வடிவமைப்பவரோ கணக்கு எழுதுபவரோ உணரப் போவதில்லை.

உணராமல் போகக்கூடிய மற்றொன்றுதான் அஞ்சத்தக்கது. ரேம் செய்யும் பிழை எப்போதும் நீலத்திரையாக வெளிப்படுவதில்லை. ஒரு பிட் மாறியதால் திருமண ஆல்பத்தின் ஒரு படம் பாதியில் நிறம் திரிந்து சேமிக்கப்படலாம், கணக்குக் கோப்பின் ஓர் எண் சத்தமின்றி மாறலாம். பிழைதிருத்தும் ஈசிசி ரேம் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் கிடையாது. டிடிஆர்5இன் உட்சில்லுப் பிழைதிருத்தமும் சில்லுக்கு வெளியே, கம்பிவழியில் நேரும் பிழையைக் காப்பதில்லை.

ஆகவே ரேமின் அமைப்பை மாற்றியவர்கள் முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86 கொண்டு நான்கு சுற்றாவது சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் கிராபிக்ஸ் கார்டு சும்மா இருப்பதால், அதன் சூடும் ரேமின் மேல் ஏறும்படி விண்டோசுக்குள் ஒரு கனமான விளையாட்டோடு சேர்த்து இன்னொரு சோதனையும் தேவை. மார்கழி இரவில் பிழையின்றித் தேறிய அமைப்பைச் சித்திரை முடிவதற்குள் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, ஏசி இல்லாமல், மீண்டும் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் மின்னழுத்தத்தை ஏற்றாமல் வேகத்தைக் குறையுங்கள்.