புகை குறைந்தும் தொண்டைப் புற்று ஏன் கூடுகிறது?

அமெரிக்காவில் சிகரெட் பழக்கம் குறையக் குறையக் குரல்வளைப் புற்றும் குறைந்தது. ஆனால் டான்சிலிலும் நாக்கின் அடியிலும் வரும் புற்று மட்டும், குறிப்பாக ஆண்களிடம், ஏறிக்கொண்டே போனது. சேமித்து வைத்திருந்த புற்றுக்கட்டித் துண்டுகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1984-89 காலத்தவற்றில் ஆறில் ஒன்றில்தான் ஹெச்.பி.வி. வைரஸ் இருந்தது, 2000-04 காலத்தவற்றில் பத்தில் ஏழில்!

ஏன் டான்சில்? கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள், அதன்மேல் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். உள்ளே மடிந்து இறங்கும் அந்தப் பிளவுகளின் சுவர் சல்லடைபோல இடைவெளி விட்டது. வாய்வழி உறவில் தொற்றும் வைரஸ் அடிச்செல்களை அங்கே எளிதில் எட்டிவிடுகிறது. பெரும்பாலோரிடம் ஓரிரு ஆண்டில் உடலே அதை விரட்டிவிடும். சிலரிடம் ஹெச்.பி.வி.யின் 16-ஆம் வகை தங்கிவிடுகிறது. அதன் இ6 புரதம், கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53-ஐ அழிக்கிறது. இ7 புரதம், செல் பெருகாமல் பிடித்திருக்கும் பிரேக்கை விடுவிக்கிறது. புற்றாக மாறப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

கருப்பைவாய்ப் புற்றுக்கு இருப்பதுபோல இங்கே முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழக்கமான பரிசோதனை இல்லை. அதனால்தான் ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமானது என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. அமெரிக்காவில் 2011 முதல் 11, 12 வயதுப் பையன்களுக்கும் அதைப் பரிந்துரைக்கிறார்கள்.