தட்டில் ஓர் உயிர் – 9: வெட்டிய தண்டுக்கு வலிக்குமா?

"செடிக்கும் உயிர் இருக்கே, அதை மட்டும் வெட்டலாமா?" சைவம் சாப்பிடுகிறவர்கள் பந்திக்குப் பந்தி எதிர்கொள்ளும் கேள்வி இது. வாயை அடைப்பதற்காகத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஆனாலும் கேள்வியில் சத்து இருக்கிறது. போன வாரம் மீனின் வலியைப் பார்த்தோம். அந்த அளவுகோலைச் செடிக்கும் வைத்துப் பார்க்காவிட்டால் நாம் நேர்மையானவர்கள் இல்லை.

2018-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மசாட்சுகு டொயோட்டாவும் சைமன் கில்ராயும் தங்கள் குழுவினருடன் ஒரு காட்சியைப் படம்பிடித்தார்கள். அராபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சின்னக் களைச்செடி. கால்சியம் கூடுகிற இடமெல்லாம் ஒளிரும்படி அதன் மரபணுவை மாற்றியிருந்தார்கள். கறுத்த பின்னணியில் செடி மங்கலாகத் தெரிகிறது. ஒரு புழு இலைக்காம்பைக் கடித்துக்கொண்டே போகிறது. காம்பு அறுந்ததும் அந்த இடத்தில் வெளிச்சம் எழுந்து, இலையின் சாற்றுக்குழாய்கள் வழியே நடுத்தண்டுக்கு ஓடி, புழு தொடாத இலைகளிலும் ஏறிப் பரவுகிறது. விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகம். வெளிச்சம் போய்ச் சேர்ந்த இலைகளில் தற்காப்புக்கான ஜாஸ்மோனிக் ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. இத்தனையையும் தூண்டிவிடுவது குளூட்டமேட். நம் மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு போவதும் அதே குளூட்டமேட்தான். அஜினமோட்டோவில் இருப்பதும் அதுதான்.

அந்தப் படத்தைப் பார்த்தால் செடி துடிக்கிறது என்றே மனம் சொல்லும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தத் தோற்றத்தை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் இந்த விவாதத்தை அறிவியல் சோதனைக்குக் கொண்டுவந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1901 மே மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் உரையாற்றினார். அந்தக் காலத்தில் அவர் நடத்திய சோதனைகளில் தசையும் செடியும் மட்டுமல்ல, உலோகமும் தூண்டுதலுக்கு ஒரே மாதிரியான மின் துலங்கலைக் காட்டியது. 'செடிக்கு வலிக்கும் என்று போஸ் அன்றே நிரூபித்துவிட்டார்' என்று சொல்கிறவர்கள் அந்த உலோகத்தை மறந்துவிடுகிறார்கள். மின் துலங்கல் ஒத்துப்போனால் வலியும் உண்டு என்றால் தகரத்துக்கும் வலித்தாக வேண்டும். செடிக்குள் மின்சமிக்ஞை ஓடுகிறது என்று அவர் கண்டது இன்றும் நிற்கிறது. 1966-ல் அமெரிக்காவில் கிளீவ் பேக்ஸ்டர் என்பவர் பொய் கண்டறியும் கருவியை ஒரு செடியில் மாட்டி, அது மனிதரின் எண்ணத்தையே படிக்கிறது என்றார். மற்ற ஆய்வகங்கள் முறையாகச் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் வரவில்லை.

சமிக்ஞை வேறு, வலி வேறு என்பதை ஆபரேஷன் தியேட்டரில் பார்க்கலாம். முழு மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் வயிற்றில் கத்தி படும்போது நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதுண்டு. காயம் பட்டது உடலுக்குத் தெரிகிறது, ஆனால் நோயாளிக்கு வலி இல்லை. அந்தச் செய்தியை வலியாக உணர, விழித்திருக்கும் மூளை வேண்டும். ஈதர் என்ற மயக்கமருந்தைக் கொடுத்தால் தொட்டாற்சுருங்கியும் சுருங்காது என்பது உண்மை. ஆனால் ஈதர் தடுப்பது செல்களின் மின்சமிக்ஞையை. உணர்வு ஒன்று இருந்து அது மயங்கியது என்பதற்கு அதில் சான்று இல்லை. மீனுக்கு மூளையும் வலியறியும் நரம்புகளும் உண்டு. செடியில் நரம்பும் இல்லை, எல்லாச் செய்தியும் ஓரிடத்தில் வந்து கூடும் மையமும் இல்லை.

முருங்கைப் போத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளையை வெட்டி, இரண்டு நாள் நிழலில் போட்டுவைத்து நட்டால் அது தனி மரமாகிவிடும். தாய்மரமும் வெட்டிய இடத்தில் துளிர்க்கும். இப்போது இரண்டு மரங்கள். வெட்டியபோது வலித்திருந்தால், யாருக்கு வலித்தது? ஆட்டை அப்படி இரண்டாக்க முடியாது. ஓடித் தப்பக்கூடிய உயிருக்கு வலி ஓர் எச்சரிக்கை. நின்ற இடத்திலேயே கடிபட்டு, மறுபடி தழைத்து வாழும் உயிருக்கு அதனால் என்ன பயன் என்று எனக்குப் புரியவில்லை.

பயிர் வாடக் கண்டு நொந்த வள்ளலாரே இந்தக் கேள்வியை 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற நூலில் எடுத்துப் பேசுகிறார். தாவரம் உயிரில்லை என்று அவர் தட்டிக்கழிக்கவில்லை. அதில் உயிர் விளக்கம் குறைவு என்கிறார். வித்தையும் காயையும் கீரையையும் எடுப்பது நகமும் முடியும் களைவதைப் போன்றது, அதனால் துன்பமில்லை என்கிறார். செடியை ஒளிரவைத்துப் பார்க்கும் ஆய்வுகள் இல்லாத காலத்தில் இவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறார் என்பதில் எனக்குத் தீராத மரியாதை. சமணர்கள் இன்னும் ஒருபடி மேலே போய்க் கிழங்கை விலக்கினார்கள். கிழங்கைப் பிடுங்கினால் செடியே போய்விடும், மண்ணில் இருக்கும் சிற்றுயிர்களும் சாகும்.

சரி, நான் சொன்னதெல்லாம் தவறு, செடிக்கு வலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கறி தின்பது நியாயமாகிவிடுமா? நாமக்கல் பண்ணையில் ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்கிறது. அதில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாவும். அதுவும் செடிதானே? உலக விளைநிலத்திலும் மேய்ச்சல் நிலத்திலுமாகச் சுமார் 83 சதவீதம் கால்நடை, மீன், முட்டை, பால் உற்பத்திக்குப் போகிறது. அதிலிருந்து மனிதருக்குக் கிடைக்கும் கலோரி 18 சதவீதம்தான் என்று 2018-ல் பூர், நெமசெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்கிட்டார்கள். செடிக்காக உண்மையிலேயே இரங்குகிறவர் தானியத்தை நேராகத் தின்பதே மேல். குறைவான செடிகளே சாகும்.

இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. நெல்லோ சோளமோ விளையாத கரட்டில் முள்ளையும் புல்லையும் மேய்ந்து வளரும் வெள்ளாடு, மனிதர் தின்னும் தானியத்தில் கை வைப்பதில்லை. கிடை போட்டுப் பிழைக்கும் குடும்பங்களிடம் போய் 83 சதவீதம் என்று பேசினால் அது அநியாயம். அவர்களிடம் பேச வேண்டியது செடியின் வலியை அல்ல, ஆட்டின் வலியை. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)