ஒரு பெயர், இரண்டு பூச்சிகள்

வட இந்தியாவில் குளிர்காலத்தில் கடுகு வயலுக்குள் இறங்கினால், இலைகளில் கரும்பச்சை நிறப் புழுக்கள் ஓட்டை போட்டுத் தின்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். முள்ளங்கிச் செடியையும் அவை விடுவதில்லை. விரலால் தொட்டால் போதும், உடனே சுருண்டு செத்ததுபோல் தரையில் விழுந்துவிடும். ஏதோ வண்ணத்துப்பூச்சியின் புழு என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் இது வண்ணத்துப்பூச்சியாக மாறுவதில்லை. எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றின் உறவினரான வேறொரு பூச்சியாக மாறும். அதற்கு ரம்ப ஈ என்று பெயர்.

புழுவைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். கால்களை எண்ணத் தெரிந்தால் போதும். வண்ணத்துப்பூச்சி, விட்டில்பூச்சி ஆகியவற்றின் புழுக்களுக்கு மார்பில் மூன்று இணை உண்மைக் கால்களும், வயிற்றில் அதிகம் போனால் ஐந்து இணை சதைக் கால்களும் இருக்கும். ரம்ப ஈயின் புழுவுக்கோ சதைக் கால்கள் ஆறு இணை அல்லது அதற்கும் மேல். கடுகு ரம்ப ஈயின் புழுவுக்கு எட்டு இணை. கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் கண்ணையும் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிப் புழுவின் தலையில் பக்கத்துக்குப் பல சின்னஞ்சிறு கண்கள் கூட்டமாக இருக்கும். ரம்ப ஈப் புழுவுக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான்.

ஈ என்ற பெயர் இதற்குப் பொருத்தமே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈக்கு இறக்கைகள் இரண்டு, ரம்ப ஈக்கு நான்கு. குளவியைப் போன்ற மெல்லிய இடுப்பும் இதற்குக் கிடையாது. மார்பும் வயிறும் அகலமாக ஒட்டியே இருக்கும். ஆனால் பெயரின் முதற்பாதி மிகவும் சரி. பெண் பூச்சியின் வயிற்று நுனியில் ஒரு ரம்பம் உண்மையிலேயே இருக்கிறது! பல் வைத்த மெல்லிய அலகுகள் இரண்டு, ஒன்று முன்னே போக மற்றொன்று பின்னே வர, மாறி மாறி இயங்கி இலையைக் கீறும். கீறிய பையில் முட்டை போய் உட்காரும். தேனீயின் கொடுக்கும் குளவியின் கொடுக்கும் முட்டையிடும் இந்த உறுப்பிலிருந்து மாறி வந்தவைதாம். ரம்ப ஈயிடம் அது இன்னும் தச்சுக்கருவியாகவே இருக்கிறது. எனவே இது யாரையும் கொட்டுவதில்லை.

உலகில் இதுவரை ஏறத்தாழ 8,000 வகை ரம்ப ஈக்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒன்று கிடைத்தால், அது உண்மையிலேயே புதியதுதான் என்று எப்படித் தீர்மானிப்பது?

திருவிழாக் கூட்டத்தில் ஒரு சிறுவன் காணாமற் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் என்ன அறிவிப்பார்கள்? ‘இரண்டு கண், ஒரு மூக்கு, இரண்டு காது உள்ள பையன்’ என்றா? சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் ஒரு பயனும் இல்லை. ‘நீலச் சட்டை, இடது கன்னத்தில் மச்சம்’ என்றால் ஆளைப் பிடித்துவிடலாம். புதிய உயிரினத்தை விவரிப்பவரின் வேலையும் இப்படிப்பட்டதுதான். பூச்சியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதலாம். ஆனால் அதன் நெருங்கிய உறவினர்களிடமிருந்து அதைப் பிரித்துக் காட்டும் இரண்டு மூன்று அடையாளங்கள்தாம் அந்தப் பத்துப் பக்கத்தின் உயிர்.

அந்த அடையாளத்தைத் தேடுவதில் வழுக்கி விழ இடம் நிறைய உண்டு. நிறத்தை நம்ப முடியாது, ஒரே தாயின் பிள்ளைகளிலேயே கறுத்ததும் வெளுத்ததும் இருக்கும். ஆணும் பெண்ணும் வேறு வேறு பூச்சிகள்போல் தோன்றும். ஊசியிலை மரங்களில் வாழும் ரம்ப ஈக்களில் ஆணின் உணர்கொம்பு பறவை இறகைப்போல் விரிந்திருக்கும், பெண்ணுடையது சாதாரணப் பல்வரிசை போல் இருக்கும். ஆகவே ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடக் கூடாது, பல பூச்சிகளை அளந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் நம்பிக்கையான சாட்சி அந்த ரம்பந்தான். அதைத் தனியே பிரித்தெடுத்து, காரத்தில் ஊறவைத்துச் சதையைப் போக்கி, கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பற்கள் எத்தனை, ஒவ்வொன்றின் வடிவம் என்ன என்பது இனத்துக்கு இனம் மாறும்.

வேறுபாடு உறுதியானால், ஒரே ஒரு பூச்சியை மாதிரிப் பூச்சியாகத் தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். பின்னாளில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தப் பெயருக்கு உரியது அந்தப் பூச்சிதான். கடையில் உள்ள படிக்கல் சரிதானா என்று அரசாங்கத்தின் முத்திரைக் கல்லோடு ஒப்பிடுவதில்லையா, அதைப்போல!

இந்த அடையாளமெல்லாம் பூச்சி நூல் எழுதுகிறவர்களின் கவலை, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். கனடாவில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

1930-ஆம் ஆண்டு. கனடாவின் கீழ்க்கரையில், கியூபெக் மாநிலத்தில் காஸ்பே என்றொரு தீபகற்பம் இருக்கிறது. அங்கே ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் பெரும் பரப்பில் மொட்டையாகி நிற்பதைக் கண்டார்கள். ஸ்ப்ரூஸ் சாதாரண மரமன்று. செய்தித்தாள் அச்சிடும் காகிதத்துக்கு அதன் மரக்கூழ்தான் மூலப்பொருள். நம் நாட்டுச் செய்தித்தாள்களும் கனடாக் காகிதத்தில் அச்சானதுண்டு. மரத்தைத் தின்றது ஒரு பச்சைப் புழு. உடலில் வெள்ளைக் கோடுகள் நீளவாட்டில் ஓடும். இளந்தளிரை விட்டுவிட்டு முற்றிய ஊசியிலைகளைத்தான் முதலில் தின்னும். அதனால் மரம் உடனே சாவதில்லை. ஆண்டுக்காண்டு இளைத்து, கடைசியில் பட்டுப்போகும். வயிறு நிறைந்த புழு மரத்திலிருந்து தரைக்கு இறங்கி, பாசியிலும் சருகிலும் புகுந்து கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஓராண்டு மட்டுமல்ல, சில வேளைகளில் பல ஆண்டுகள் தூங்கிக் கிடக்கவும் அதற்குத் தெரியும்.

இது வட அமெரிக்கப் பூச்சி அன்று, ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதைக் கண்டுகொண்டார்கள். கில்பினியா பாலிட்டோமா என்று அடையாளமும் சொன்னார்கள். (அந்நாளில் அதன் பேரினப் பெயர் டிப்ரியான்.) ஐரோப்பாவில் இருக்கும்போது சாதுவாக இருந்த பூச்சி இங்கே ஏன் பேயாட்டம் ஆடுகிறது? அங்கே அதைக் கொல்லும் எதிரிகள் உண்டு, இங்கே இல்லை. அப்படியானால் எதிரிகளையும் வரவழைப்போம் என்று முடிவாயிற்று. இங்கிலாந்தில் ஃபார்ன்ஹாம் என்ற ஊரிலிருந்த ஆய்வுக்கூடத்தார் ஐரோப்பியக் காடுகளில் ரம்ப ஈக் கூடுகளைத் தேடிப் பொறுக்கினார்கள். கூட்டுக்குள் ஒளிந்திருந்த ஒட்டுண்ணிக் குளவிகளும் ஒட்டுண்ணி ஈக்களும் கப்பலேறின. கனடாவில் பெல்வில் என்னும் ஊரில் அவற்றைப் பெருக்கிக் கோடிக்கணக்கில் காட்டில் விட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு புதிர் உறுத்திக்கொண்டே இருந்தது. கனடாக் காட்டில் கிடைத்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்கள்! ஆண் பூச்சி மிக மிக அரிது. ஆணோடு சேராமலே பெண் முட்டையிட்டது, அந்த முட்டைகளிலிருந்தும் பெண்களே வந்தன.

இதில் என்ன வியப்பு என்று புரிய, தேனீயை நினைத்துக்கொள்ளுங்கள். இராணித் தேனீ இடும் முட்டைகளில் கருவுற்றவை பெண்ணாகும், கருவுறாதவை ஆணாகும். ரம்ப ஈக்களிலும் பெரும்பாலும் இதே வழக்கந்தான். கருவுறாத முட்டையில் தாயின் குரோமோசோம்களில் பாதிதான் இருக்கும். எனவே ஆணுக்கு ஒரு பங்கு, பெண்ணுக்கு இரண்டு பங்கு. கருவுறாத முட்டை பெண்ணாவது என்றால் வழக்கம் மாறிவிட்டது என்று பொருள்.

எஸ். ஜி. ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர் இந்த முடிச்சை அவிழ்க்கக் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கினார். சொல்வதற்கு எளிது. திசுவுக்குச் சாயமேற்றி, உயிரணு பிரியும் அந்த நொடியில் பிடித்து, நுண்ணோக்கியில் கண் வலிக்க எண்ண வேண்டிய வேலை அது. விடை 1941-இல் வெளிவந்தது. பாலிட்டோமாவின் ஒரு பங்கு 6 குரோமோசோம்கள். ஆணுக்கு 6, பெண்ணுக்கு 12. கனடாவை அழித்துக்கொண்டிருந்த பூச்சிக்கோ ஒரு பங்கு 7, பெண்ணுக்கு 14. கருவுறாத முட்டையில் அந்த 7 என்பது முட்டைக்குள்ளேயே மீண்டும் 14 ஆகிவிடுகிறது, அதனால்தான் பெண்ணே பிறக்கிறது.

ஆறு வேறு, ஏழு வேறு. பத்தாண்டுகளாக ஒரே பெயரில் அழைத்தவை இரண்டு வெவ்வேறு இனங்கள்!

எண்ணிக்கை வேறுபட்டது என்று தெரிந்ததும், உடலமைப்பை மீண்டும் கூர்ந்து பார்த்தார்கள். உயர்த்திச் சொல்ல வேண்டிய இடம் இது. முன்பும் அந்த உடல் கண்முன்னேதான் இருந்தது. இரண்டு என்று தெரியாதவரை, வேறுபாடுகளெல்லாம் ஒரே இனத்துக்குள் வரும் சிறு மாற்றங்களாகத் தோன்றின. ரீக்ஸ் என்பவர் அதே 1941-இல் இந்த இரண்டையும் பிரித்து எழுதினார்.

புதிய இனத்துக்குப் புதிய பெயர் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள் அல்லவா? இல்லை! ஹார்ட்டிக் என்ற ஜெர்மானியக் காட்டியல் அறிஞர் 1834-இல் பாலிட்டோமாவுக்குப் பெயரிட்டவர். அவரே 1837-இல் இன்னொன்றுக்கு ஹெர்சினியே என்றும் பெயரிட்டிருந்தார். உரோமானியர் ஜெர்மனியின் பெருங்காட்டுக்கு வழங்கிய பழம்பெயரிலிருந்து வந்த சொல் அது. பின்வந்தவர்கள் இரண்டும் ஒன்றே என்று எண்ணி அந்தப் பெயரைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். விலங்கியல் பெயர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஓர் இனத்துக்கு முறையாக வைத்த பெயர்களுள் மூத்ததே செல்லும். எனவே நூறாண்டுக்கு மேல் பழசான ஹெர்சினியே மறுபடி எழுந்து வந்தது.

இந்தக் கணக்கில் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. பாலிட்டோமா ஒன்று தப்பித் தவறிப் புது நாட்டில் இறங்கினால், பெண் வாரிசு வேண்டுமென்றால் அதற்குத் துணை வேண்டும். ஹெர்சினியேக்கு அது தேவையில்லை. ஒரே ஒரு பெண் வந்து சேர்ந்தால் போதும், ஒரு காட்டையே நிரப்பிவிடலாம்.

மரங்களின் கதி என்னவாயிற்று? ஒட்டுண்ணிகளில் பல கனடாவில் நிலைக்கவில்லை, சில நிலைத்தன. ஆனால் போரை முடித்தது யாரும் அழைக்காத விருந்தாளி. 1938 வாக்கில் நியூ பிரன்ஸ்விக் மாநிலக் காடுகளில் புழுக்கள் நோய்வாய்ப்பட்டுச் சாவதைப் பார்த்தார்கள். பச்சை உடல் மஞ்சளாக வெளுத்து, வாயிலிருந்து பால்போன்ற நீர் வழிய, ஊசியிலையில் தொங்கியபடியே செத்துக்கிடந்தன. பால்ச், பேர்ட் என்ற இருவர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். காரணம் ஒரு வைரஸ், புழுவின் குடல் அணுக்களில் மட்டும் பெருகுவது. ஒட்டுண்ணிகளுக்காக ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய சரக்கோடு இதுவும் தெரியாமல் வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் கருத்து. 1942-க்குள் பூச்சியின் படையெடுப்பு அடங்கிவிட்டது.

இந்த வைரஸ் எல்லாப் பூச்சிகளையும் தாக்குவதில்லை. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல, தனக்குரிய புழுவைத்தான் தாக்கும். ஆகவே எந்தப் பூட்டு என்று தெரியாமல் சாவி தேடினால் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். பூச்சிக்குச் சரியான பெயர் தெரிந்த பிறகு, இந்த வைரஸை மனிதர்களே வேறிடங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1950-இல் ஒன்டாரியோ மாநிலத்தில், வெளிநாட்டு ஒட்டுண்ணிகள் இல்லாத ஓரிடத்தில், அதைப் பரப்பிப் பார்த்தார்கள். அங்கே வைரஸ் தனியாகவே பூச்சியைக் கட்டுக்குள் வைத்தது.

இன்று குரோமோசோமை எண்ணுவதோடு டி.என்.ஏ.வின் ஒரு துண்டைப் படித்தும் இனங்களைப் பிரிக்கிறார்கள். கடைச் சாமான்களின் பட்டைக்கோடுபோல ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரிசை. கனடாவில் 2003-இல் முன்வைத்த முறை இது. காலோ இறக்கையோ ஒரு துணுக்குக் கிடைத்தாலும் போதும், புழுவையும் பூச்சியையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் ரம்ப ஈக்களிடம் இந்த வித்தை எப்போதும் பலிப்பதில்லை. நெருங்கிய உறவினர் சிலருக்குள் அந்தத் துண்டு கலந்து கிடக்கிறது. அப்போது மறுபடியும் ரம்பத்தைப் பிரித்தெடுத்துப் பல்லை எண்ணத்தான் வேண்டும்.

ஹெர்சினியேயின் கதை கனடாவோடு நின்றுவிடவில்லை. 1968 முதல் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் ஸ்ப்ரூஸ் தோட்டங்களில் அது பெருகத் தொடங்கியது. அங்கும் அதே வைரஸ் வந்து சேர்ந்தது. அது தோட்டம் விட்டுத் தோட்டம் எப்படிப் போகிறது என்று தேடியவர்கள் பறவைகளைச் சோதித்தார்கள். நோயுற்ற புழுவைத் தின்ற பறவைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் எச்சத்தில் வைரஸ் உயிர்ப்போடு வெளிவந்து, அடுத்த மரத்தின் ஊசியிலைகளில் விழுந்துகொண்டிருந்தது.