மறைந்த தோட்டம் மலருமா?

தென்காசியில் ரயிலிறங்கிக் குற்றாலச் சாரலில் நனைந்து வரும் சகோதரிகளே! 1800-ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டு வாசனைத் தோட்டம் போட்டதை அறிவீர்களா? அந்தத் தோட்டத்தை இன்று மறுபடி காண முடியுமா?

கம்ப்யூட்டர் திரையில் முடியும் என்கிறார்கள். அதற்குத் தடயம் வேண்டும். ஆக்ராவில் தாஜ்மகாலின் எதிர்க்கரையில் இருந்த மொகலாய அரச தோட்டம் மேதாப் பாக். யமுனையின் வண்டல் மூடிய அதை 1990-களில் தோண்டினார்கள். தாஜின் பிம்பம் விழுவதற்கென்றே கட்டிய எண்கோணக் குளம் வெளிப்பட்டது! இப்படிக் கிடைக்கும் சுவரின் அளவு, மண்ணில் தங்கிய மகரந்தம், பழைய வரைபடம் இவற்றைக் கோத்துத்தான் திரையில் தோட்டம் எழுப்புகிறார்கள்.

ஆகவே, உங்கள் ஊர்ப் பழந்தோட்டத்தில் எந்த மரம் எங்கே நின்றது என்று பாட்டியைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். மரமும் போய், நினைவும் போன பிறகு, கம்ப்யூட்டர்தான் எதைப் பார்த்து வரையும்?