அடக்கலாகாத மூச்சு

பாதாளக்கரண்டிக்கும் அகப்படாமல் அடியிலே கிடக்கும் பித்தளைக் குடத்தை எடுக்கும் பொருட்டு, நாமக்கல் பக்கத்துக் கமலைக் கிணறொன்றில் தம் கட்டி மூழ்குகின்ற இளைஞன் இரண்டு ஆள் ஆழத்தில் தன் செவிகளில் உணர்கிறானே ஒரு குத்தல், அதுவே சமுத்திரத்தில் மூழ்குவோர் பயில வேண்டிய சாஸ்திரத்தின் முதற்பாடம். பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் பாரம் மேலேயுள்ள ஆகாயத்தின் பாரத்துக்குச் சமமாகிவிடுவதால், கரையில் ஒரு படி இடத்தை அடைத்திருந்த காற்று அங்கே அரைப் படியாகச் சுருங்கிப்போகும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர், கயிற்றில் பிணித்த கல்லின்மேல் கால்வைத்து இறங்கி ஒரே மூச்சில் மீண்டார்கள். 1943இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும், காஞான் என்னும் பொறியியலாளரும் சமைத்த கருவி அந்த ஒரு மூச்சைப் பல நூறாகப் பெருக்கிற்று. முதுகிலுள்ள உருளையில் இருப்பது வெறும் பிராணவாயு என்று பலரும் எண்ணுகிறார்கள். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே அது, இருநூறு மடங்கு நெருக்கி அடைக்கப்பட்டது. சூட்சுமம் உருளையில் இல்லை, வாயில் கவ்விய அடைப்பானில் இருக்கிறது: ஒருபுறம் கடலும் மறுபுறம் மூச்சுமாக நிற்கும் மெல்லிய சவ்வொன்று, உறிஞ்சும்போது உட்குழிந்து, நெம்புகோலை அழுத்திக் கதவைத் திறந்து, அவ்வாழத்து நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுக்கே காற்றைத் தருகிறது. ஆபத்தும் இங்கேதான். பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வருகையில் இருமடங்காக விரியுமாதலால், அதை அடக்கி வைத்திருப்பவனுடைய நுரையீரல் கிழிந்துபோகும். கிணற்றுப் பிள்ளை பெருமையாகக் கருதும் தம் கட்டும் வித்தையை, கடலில் இறங்குமுன் அவன் மறந்தாக வேண்டும்!

முத்துக் குளித்த அதே வளைகுடாவில், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சூழ்ந்த பவளத்திட்டுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளம் கல்லன்று, நுண்ணிய ஜந்துக்கள் தம் உடலில் குடியேற்றிய பாசியின் உழைப்பால் உண்டு, கட்டிய வீடு. அவ்வீடும் நம் சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லும் இரசாயன முறையில் ஒரே பொருளாதலின், சூளைக்காக அதை வெட்டியெடுத்தோர் பலர். 2001இல் சட்டம் அதற்குப் புலிக்குரிய பாதுகாப்பை அளித்தது. நீர் மிகச் சூடேறினாலோ பாசி நீங்கிப் பவளம் வெளுத்துவிடுகிறது.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், அழிந்த திட்டுகளை மீட்க, கூஸ்தோ வழிவந்த அந்த மூச்சுக் கருவியை அணிந்து இறங்கி, பவளக் கிளைகளைச் சிமெண்டுச் சட்டங்களில் பிணைத்து நடுகிறார்கள். கைபட்டாலே நைந்துபோகும் உயிரின் அருகே காலூன்றாமல் வேலை செய்வதற்கு அவர்களுக்கு உதவுவது, காற்றடைத்த சட்டை. நீச்சல் பழகும் நம் பிள்ளைகள் முதுகில் கட்டும் சுரைக்குடுக்கையேதான் அது, வேண்டியபோது காற்றைக் கூட்டவும் குறைக்கவும் கூடியதாக. மற்றதை நெஞ்சே பார்த்துக்கொள்ளும்: மூச்சு உள்ளே வர ஒரு சாண் எழும்பி, வெளியே போக ஒரு சாண் தாழ்ந்து, அவர்கள் அந்தரத்தில் நிற்கிறார்கள்.